பத்து விநாடி தள்ளிவிட்ட பாஸ்டன்

முடிவையும் வசனத்தையும் முன்பே எழுதிவைத்து நடத்துகிற அமெரிக்க ரெஸ்லிங் வீடியோக்கள் பார்க்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வில்லன் மைக்கை வாங்கி, அன்றைக்கு நிகழ்ச்சி நடக்கிற ஊரின் பெயரைச் சொன்னதுமே என் கட்டைவிரல் பத்து விநாடி தள்ளிவிடும் பொத்தானுக்குப் போய்விடும். அடுத்து வரப்போவது மனப்பாடம்தானே. இந்த ஊர் ஒரு குப்பைமேடு, உங்கள் ஊர் அணி தோத்தாங்கோளி, உங்கள் மூஞ்சியைப் பார்க்கவே சகிக்கவில்லை. கூட்டம் ஊளையிடும், அவர் சிரிப்பார். வசனம் எழுதுகிறவருக்கு அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை, பயணச்சீட்டில் இருந்த ஊர்ப்பெயரை எடுத்துப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு தள்ளிவிடுவேன். அந்த வட்டாரத்திலேயே இதற்கு 'சீப் ஹீட்' என்றுதான் பெயர். உழைக்காமல் சம்பாதித்த கோபம். என் தம்பி இன்னும் ஒருபடி மேல், பேச்சு மொத்தத்தையும் தள்ளிவிடுவான். "அடி விழுற இடத்துக்குப் போண்ணா" என்பது அவன் நிரந்தர வேண்டுகோள்.

இந்தப் பழக்கம் ஒருநாள் என் காலை வாரியது. சி.எம். பங்க், ஜான் சீனா என்ற இரு ரெஸ்லர்களுக்கிடையே 2011 கோடையில் நடந்த கதையை முதலிலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் 27 அன்று மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பங்க் தன் நிறுவனத்தையே கிழித்துப் பேசிய 'பைப் பாம்' பேச்சு ரெஸ்லிங் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 11 அன்று, வாராந்தரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ரா பாஸ்டனில். சீனா அந்தப் பக்கத்து ஆள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் நியூபரியில் வளர்ந்தவர். பங்க் சிகாகோக்காரர். ரிங்குக்குள் இருவரும் நிற்கிறார்கள், கூடவே நிறுவன முதலாளி வின்ஸ் மக்மேன். பங்க் விளையாட்டு அணிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சரி, வந்துவிட்டது ஊர்த் திட்டு என்று தள்ளினேன். மறுபடி படம் வந்தபோது பங்க் முகத்தில் சீனாவின் குத்து விழுந்து முடிந்திருந்தது. பாஸ்டன் கூட்டத்தின் சத்தம் நான் அதுவரை கேட்ட எந்த ஊளையைப் போலவும் இல்லை.

அப்படி என்னதான் சொன்னார் என்று பின்னால் போய்ப் பார்த்தேன். பங்க் பாஸ்டனைத் திட்டவே இல்லை. சீனாவைப் பார்த்துச் சொன்னது சுருக்கமாக இதுதான்: நீ இன்னும் உன்னை அடிபட்டு எழுந்து வருகிற எளியவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், அது எப்போதோ முடிந்துவிட்டது, நீ இப்போது சாம்ராஜ்யம், நீ எதை வெறுத்தாயோ அதுவாகவே ஆகிவிட்டாய், நீ நியூயார்க் யாங்கீஸ். அவ்வளவுதான், குத்து விழுந்தது.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918-இல் கோப்பை வென்றது. அதற்குப் பிறகு தன் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றது. அடுத்த கோப்பை வந்தது 2004-இல். நடுவில் 86 ஆண்டுகள். அந்த 86 ஆண்டுகளில் யாங்கீஸ் கோப்பைகளை அள்ளிக் குவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. அந்த ஊரின் பிள்ளையை, அந்த ஊர் மக்கள் முன்னால் நிறுத்தி, நீதான் யாங்கீஸ் என்கிறார் ஒரு சிகாகோக்காரர். நான் தள்ளிவிட்ட பத்து விநாடி இதுதான். இந்தக் கதை முழுவதும் எதன்மேல் உட்கார்ந்திருந்ததோ, அதையே தள்ளிவிட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து இது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஊர்ப்பெயரை இழுப்பது சோம்பேறித்தனம் என்று இத்தனை வருடமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அப்படியானால் இது எந்தக் கணக்கில் சேரும்?

முதலில் எனக்குத் தோன்றிய பதில், உண்மையான காயத்தைத் தொட்டால் வேலை செய்யும் என்பது. அதற்கு உதாரணமும் இருந்தது. 2018 அக்டோபர் 1, சியாட்டில். எலயஸ், கெவின் ஓவன்ஸ் இருவரும் ரிங்கில் நின்று அந்த ஊர்க் கூடைப்பந்து அணியான சூப்பர்சோனிக்ஸ் பேச்சை எடுத்தார்கள். அந்த அணி 2008-இல் ஊரை விட்டுப் பிடுங்கப்பட்டு ஓக்லஹோமா நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. அந்த அணி ஆடிக்கொண்டிருந்த அதே அரங்கில்தான் இவர்கள் நின்று பேசினார்கள். கூட்டம் ஊளையிட ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. நிமிடக் கணக்கில் போயிற்று, இருவராலும் அடுத்த வரியைச் சொல்ல முடியவில்லை. பார்க்க அபாரமாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்து நடந்த சண்டை என்ன, யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. காயம் உண்மை, கோபமும் உண்மை, ஆனால் அந்தக் கோபம் எந்தச் சண்டைக்கும் போய்ச் சேரவில்லை. ஆக, காயத்தைத் தொடுவது மட்டும் போதாது.

திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை

பதில் தேடிப் பின்னால் போனால் அது பழைய பிராந்திய காலத்தில் போய் நிற்கிறது. 1948-இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் என்.டபிள்யூ.ஏ. கூட்டமைப்பு உருவான பிறகு, அமெரிக்காவும் கனடாவும் ரெஸ்லிங் முதலாளிகளுக்கிடையே பாகப்பிரிவினை செய்த சொத்துபோல ஆகிவிட்டன. மெம்பிஸ் ஒருவருக்கு, டல்லஸ் ஒருவருக்கு, கரோலைனா ஒருவருக்கு. அவரவர் எல்லைக்குள் ஏழெட்டு ஊர், வாரா வாரம் அதே அரங்குகளில், அதே மக்கள் முன்னால் நிகழ்ச்சி. அதே மக்கள் என்பதுதான் இதில் முக்கியம். போன வாரம் அடித்துக்கொண்ட இருவரையே இந்த வாரமும் காசு கொடுத்துப் பார்க்க வைக்க வேண்டும். அங்கே ரீமேட்ச் என்பது சிறப்பு நிகழ்ச்சி அல்ல, அன்றாடப் பிழைப்பு.

முதல் சண்டையை விற்பது சுலபம், யார் பெரியவன் என்று யாருக்கும் தெரியாது. ரீமேட்ச்சில் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் வந்துவிட்டது. அதனால் முதல் சண்டையின் முடிவிலேயே ஒரு ஓட்டையை விட்டு வைப்பார்கள். நடுவர் பார்க்காத நேரத்தில் ஏதோ நடக்கும், கால் கயிற்றில் இருக்கும், நேரம் தீர்ந்துவிடும். உலக சாம்பியன் ஊர் ஊராக வருவார். உள்ளூர் வீரனோடு 60 நிமிடம் மோதுவார், மணி அடிக்கும்போது உள்ளூர்க்காரன் கை ஓங்கியிருக்கும், ஆனால் பெல்ட் சாம்பியனோடு போய்விடும். இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் நம்ம ஆள் ஜெயித்திருப்பான் என்று ஊர் முழுக்கப் பேசும். அடுத்த முறை சாம்பியன் வரும்போது அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் டிக்கெட் விற்பார்கள்.

ப்ரோமோ என்பது அந்த ஓட்டையைக் காட்டிப் பேசுகிற பேச்சு. ஒரே நாளில் ஸ்டுடியோவில் நின்று, ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்வார்கள். இந்த ஊருக்கு இந்தத் தேதி, இந்த அரங்கு, இந்த எதிரி. அடுத்தவர் வருவார், ஊர்ப்பெயர் மாறும். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்த அதே வேலைதான், ஆனால் அங்கே அது விளம்பரத் தகவல். எங்கே, எப்போது வரவேண்டும் என்பதைச் சண்டைக்குள்ளேயே வைத்துச் சொல்வது. ஊர்ப்பெயரைச் சொல்லாத ப்ரோமோவால் அந்தக் காலத்தில் ஒரு டிக்கெட்கூட விற்றிருக்காது.

மெம்பிஸில் இது சனிக்கிழமை காலைச் சமாச்சாரம். உள்ளூர் ஐந்தாம் அலைவரிசையில் ஒன்றரை மணி நேர நேரடி ஒளிபரப்பு. லான்ஸ் ரஸ்ஸலும் டேவ் பிரவுனும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். டேவ் பிரவுன் அதே நிலையத்தின் வானிலைக்காரர். நாளைக்கு மழை வருமா என்று சொல்கிற அதே மனிதர், திங்கட்கிழமை மிட்-சவுத் கோலிசியத்தில் யார் மண்டை உடையப்போகிறது என்பதையும் சொல்வார். அந்த ஊரின் ராஜா ஜெர்ரி லாலர், பட்டப்பெயரே 'கிங்'. அங்கேதான் 1982-இல் ஆண்டி காஃப்மன் வந்தார்.

காஃப்மன் மல்யுத்த வீரரே இல்லை. தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர். மேடையில் பெண்களோடு மட்டும் மல்யுத்தம் செய்து, தன்னை ஆண்-பெண் கலப்பு உலகச் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டவர். ஏப்ரல் 5 அன்று லாலரோடு மோதினார். லாலர் அவரைத் தலைகீழாகப் பிடித்து, தலையைத் தரையில் இடிக்கும் 'பைல்டிரைவர்' போட்டார். மெம்பிஸில் அது தடை செய்யப்பட்ட பிடி, அதனால் லாலர் தகுதிநீக்கம். காஃப்மன் கழுத்துப் பட்டையோடு போனார். பதிவேட்டில் ஜெயித்தது அடிவாங்கி ஸ்ட்ரெச்சரில் போனவர், தோற்றது அடித்தவர். அடித்த ஆளுக்கும் திருப்தி இல்லை, அடிவாங்கிய ஆளுக்கும் மானம் இல்லை. ரீமேட்ச்சுக்கு இதைவிட நல்ல விதையை நான் பார்த்ததில்லை. ஜூலை மாதம் டேவிட் லெட்டர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லாலர் விட்ட அறை அந்த விதைக்கு ஊற்றிய தண்ணீர்.

ஆனால் என்னைப் பிடித்தது அறை அல்ல, சோப்பு. அந்தப் பகை ஓடிக்கொண்டிருந்தபோது காஃப்மன் மெம்பிஸ் மக்களுக்கென்று வீடியோக்கள் அனுப்பினார். கேமராவைப் பார்த்து, குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கிற டீச்சர் குரலில், கையில் ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டி, இதற்குப் பெயர் சோப்பு, இதை இப்படித் தண்ணீரில் நனைத்து இப்படித் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கழிப்பறைக் காகிதத்துக்கும் தனிப் பாடம் உண்டு. நான் ஹாலிவுட்டிலிருந்து வருகிறேன், எனக்கு மூளை இருக்கிறது என்பது அவர் பல்லவி. தென் மாநிலத்து ஆட்கள் படிக்காதவர்கள், குளிக்காதவர்கள் என்று வடக்கே இருப்பவர்கள் நினைப்பதாகத் தெற்கில் இருப்பவர்கள் ரொம்ப காலமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். காஃப்மன் அந்தச் சந்தேகத்தைக் கோபமே இல்லாமல், அக்கறையோடு உறுதிப்படுத்தினார். அவர் கத்தியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

சியாட்டிலுக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்கு இங்கேதான் கொஞ்சம் பிடிபட்டது. மெம்பிஸ்காரர்களுக்கு அந்தச் சோப்பைக் கொண்டுபோய்க் காஃப்மன் வாயில் திணிக்க ஓர் ஆள் இருந்தார். அவர் பெயர் லாலர், அவர் ஏற்கெனவே ஒருமுறை முயன்று, ஊர் விதி ஒன்றால் தோற்றிருந்தார். ஊருக்குப் பட்ட அவமானமும் லாலருக்கு இருந்த பாக்கியும் ஒன்றாகிவிட்டன. சியாட்டிலில் அப்படி யார் இருந்தார்கள்? யாரும் இல்லை.

திட்டாமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு உதாரணம் டஸ்டி ரோட்ஸ் என்ற ரெஸ்லர். 1984 ஸ்டார்கேட் நிகழ்ச்சியில் சாம்பியன் ரிக் ஃபிளேரோடு மோதியபோது, நடுவராக நின்ற குத்துச்சண்டை வீரர் ஜோ ஃபிரேசியர், டஸ்டியின் கண்ணுக்கு மேலே வழிந்த ரத்தத்தைப் பார்த்துச் சண்டையை நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டு அதே ஸ்டார்கேட்டில் ரீமேட்ச். அதற்காக டஸ்டி பேசிய ப்ரோமோவில் ஃபிளேரைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான். வேலை போன துணி ஆலைத் தொழிலாளிகள், வீட்டுக்கு அனுப்பப்பட்ட கார் தொழிற்சாலைக்காரர்கள், முப்பது வருடம் உழைத்த பிறகு கம்ப்யூட்டர் வந்துவிட்டது போ என்று விரட்டப்பட்டவர்கள், இவர்கள்தான் அந்தப் பேச்சு முழுக்க. துணி ஆலைகள் என்றால் கரோலைனா. அவர்கள் டிக்கெட் வாங்கி உட்காரும் இருக்கைகளைப் பார்த்துத்தான் பேசினார். ரோலக்ஸும் லிமோசினுமாகத் திரிந்த ஃபிளேரும் அந்த வட்டாரத்து ஆள்தான், சார்லட் நகரம். ஒரு பிளம்பரின் மகன் டெக்ஸாஸிலிருந்து வந்து, ஃபிளேருடைய ஊர்க்காரர்களையே அவரிடமிருந்து பறித்துக்கொண்டு போனார். மெச்சாமல் இருக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்ட வில்லன்

இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரிந்த சங்கதிதான். என் அபிப்பிராயம் உண்மையில் புரண்டது கனடிய ரெஸ்லர் பிரெட் ஹார்ட்டின் 1997-ஐ ஒரே மூச்சில் பார்த்தபோது.

அதுவும் ஒரு ரீமேட்ச்சிலிருந்துதான் கிளம்புகிறது. 1996 நவம்பர், சர்வைவர் சீரிஸ், மேடிசன் ஸ்கொயர் கார்டன். பல மாத ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்த பிரெட், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினை வென்றார். வென்றார் என்று சொல்வதா, தப்பித்தார் என்று சொல்வதா? ஆஸ்டின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தபோது, மூலைக் கம்பத்தில் காலை உந்திப் பின்னால் சாய்ந்து, மூன்று எண்ணும்வரை அவரைத் தரையில் அழுத்திவிட்டார். ஓட்டை இருக்கிறது பாருங்கள். அடுத்த மூன்று நான்கு மாதத்தில் பிரெட்டுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. கயிற்றுக்கு வெளியே விழுந்தவர் அவுட் என்ற ராயல் ரம்பிள் போட்டியில் அவர் ஆஸ்டினை வெளியே தூக்கிப் போட்டதை நடுவர்கள் கவனிக்கவில்லை, ஆஸ்டின் நைசாக உள்ளே வந்து அதை ஜெயித்துவிட்டார். பிரெட் புகார் சொல்ல ஆரம்பித்தார். நியாயமான புகார்தான். ஆனால் வாரா வாரம் நியாயமான புகார் சொல்கிற ஒருவரை எவ்வளவு நாள் சகித்துக்கொள்ள முடியும்? கூட்டம் மெல்ல மெல்ல ஆஸ்டின் பக்கம் சாய்ந்தது.

மார்ச் 23, ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 13, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட். விட்டுவிடு என்று ஒருவர் கேட்கும்வரை சண்டை. ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம், பிரெட் போட்ட, காலை முறுக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடிக்குள் கிடந்து விட்டுவிடு என்று சொல்லாமலே மயங்கிப்போனார். ஜெயித்த பிரெட் அதோடு விடாமல் மறுபடியும் அடிக்கப் போனார். உள்ளே வரும்போது நாயகனாக இருந்தவர் ஊளைக்கு நடுவில் வெளியே போனார், வில்லனாக வந்தவர் யார் உதவியும் வேண்டாம் என்று நொண்டிக்கொண்டு கைதட்டலுக்கு நடுவில் போனார். இந்த இடத்தைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு முக்கியம் அதற்கு மறுநாள்.

மறுநாள் ரா நிகழ்ச்சியில் பிரெட் மன்னிப்புக் கேட்டார். உலகெங்கும் இருக்கும் என் ரசிகர்களே, உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார். அமெரிக்க ரசிகர்களே, உங்களிடம் மட்டும் நான் எதற்கும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்றார். நான் மாறவில்லை, நீங்கள்தான் மாறிவிட்டீர்கள், ஒழுங்காக இருந்தவனை விட்டுவிட்டு ரவுடிக்குக் கைதட்டுகிறீர்கள் என்பதுதான் அவர் வாதம். என் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது, அழுத்த வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். நவம்பரிலிருந்து வரிசையாகப் பார்த்துவந்த நான், எந்த வாரத்தில் ஆஸ்டின் பக்கம் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அமெரிக்காவைத் திட்டுகிறார் என்று பார்த்தால், திட்டு வாங்கிக்கொண்டிருந்தது நான்.

அடுத்த சில மாதங்கள் அவர் அமெரிக்க ஊர்களில் வில்லன், எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் போனால் நாயகன். ஒரே மனிதர், ஒரே வசனம், ஒரே கோபம். தம்பி ஓவன், மைத்துனர்கள் டேவி பாய் ஸ்மித், ஜிம் நைட்ஹார்ட், கூடவே பிரையன் பில்மன் என்று ஒரு குடும்பமே கனடியக் கொடியின் கீழ் திரண்டது. ஸ்மித் ஆங்கிலேயர், பில்மன் சின்சினாட்டிக்காரர், ஆனால் யார் கேட்டார்கள்? பிட்ஸ்பர்க் போனபோது, அமெரிக்காவுக்கு எனிமா கொடுக்க வேண்டும் என்றால் குழாயைச் செருக வேண்டிய இடம் இந்த ஊர்தான் என்றார். சுத்தமான சீப் ஹீட். நான் தள்ளவில்லை, சிரித்துவிட்டேன். நாலு மாதமாக அடுக்கிக்கொண்டு வந்த வாதத்தின் மேல் அந்த வரி உட்கார்ந்திருந்தது.

ஜூலை 6, கால்கரி, சேடில்டோம் அரங்கு. ஊரின் புகழ்பெற்ற ஸ்டாம்பீட் திருவிழா நடக்கும் மாதம். பிரெட்டின் அப்பா ஸ்டூ ஹார்ட் 1948-இல் தன் ரெஸ்லிங் நிறுவனத்தைத் தொடங்கிய ஊர், வீட்டு நிலவறையில் தலைமுறை தலைமுறையாக ஆட்களைப் பிழிந்து எடுத்த ஊர். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஆஸ்டின் தலைமையில் ஐந்து பேர் அந்தப் பக்கம். ஆஸ்டின் வரும்போது எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். சில மாதங்களுக்கு முன்பு ரத்தத்தில் கிடந்து ஒரு நாட்டின் இதயத்தை வாங்கிய அதே மனிதருக்கு, உலகத்தின் மிகக் கேவலமான வில்லனுக்குரிய வரவேற்பு. அவர் அதை ரசித்தார் என்பது நடையிலேயே தெரிகிறது. ஓரமாக உட்கார்ந்திருந்த ஹார்ட் குடும்பத்தோடும் வம்புக்குப் போனார். கடைசியில் ஓவன், ஆஸ்டினைச் சுருட்டித் தரையில் அழுத்தி ஜெயித்தார். அதற்கும் பிறகு நாற்காலியோடு திரும்பி வந்த ஆஸ்டினைக் கைவிலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். பின்னால் கட்டப்பட்ட கைகளிலும் நடுவிரல்கள் நிமிர்ந்திருந்தன. ரிங்குக்குள் ஹார்ட் குடும்பம் மொத்தமும் ஏறியது. பேரக் குழந்தைகள் உட்பட.

எந்த ஊரையும் திட்டத் தேவையில்லாத இரவு அது. சேர வேண்டிய கோபமெல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. எனக்குப் பிடித்த ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல் என்றால் இப்போதும் இதைத்தான் சொல்வேன்.

ஊர் இல்லாத ரீமேட்ச்

பங்க், சீனா கதைக்கு ஒரு நிமிடம் திரும்பி வருகிறேன். பாஸ்டனில் குத்து விழுந்த வாரமே, ஜூலை 17 அன்று, சிகாகோ பக்கம் பங்க்கின் சொந்த மக்கள் முன்னால் சண்டை நடந்தது. அந்த அரங்கும் ரோஸ்மாண்டில்தான், பிரெட்டும் ஆஸ்டினும் இடம் மாறிக்கொண்ட அதே கட்டடம், பெயர் மட்டும் மாறியிருந்தது. அபாரமான சண்டை. ரீமேட்ச் ஆகஸ்ட் 14, லாஸ் ஏஞ்சல்ஸ். அது யாருடைய ஊரும் இல்லை. சண்டை மோசமில்லை, ஆனால் ஏதோ ஒன்று ரோஸ்மாண்டிலேயே தங்கிவிட்டது. சினிமாவுக்குப் போய் நட்சத்திரமான ராக் என்ற ரெஸ்லருக்கும் சீனாவுக்கும் நடந்த கதையும் அதேதான். 2012 மார்ச்சில் ராக் பாஸ்டனுக்கே போய் வரலாற்றுப் பாடம் நடத்தி, சீனாவின் பனியன்களையும் தொப்பிகளையும் துறைமுகத் தண்ணீரில் கொட்டினார், 1773-இல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து அதே ஊரில் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டியதைப் போல. அடுத்த மாதம் ராக்கின் மயாமியில் சண்டை. 'வாழ்நாளில் ஒருமுறை' என்று விளம்பரம் செய்துவிட்டு அடுத்த வருடமே நியூ ஜெர்ஸியில் ரீமேட்ச் வைத்தார்கள். பெல்ட் இருந்தது, பழைய தோல்விக்குப் பழிவாங்கல் இருந்தது, ஊர் இல்லை. அந்தச் சண்டையில் பாதியை நானே தள்ளித்தான் பார்த்தேன்.

மாண்ட்ரியால்

இவ்வளவு நேரம் ஊரை மெச்சிவிட்டேன், இதையும் சொல்லியாக வேண்டும். பிரெட்டின் அந்த ஆண்டு முடிந்ததும் ஊரால்தான்.

நவம்பர் 9, மாண்ட்ரியால், மோல்சன் சென்டர். எதிரி ஷான் மைக்கேல்ஸ். 1996 மார்ச்சில் ஒரு மணி நேரத்தையும் தாண்டிப் போன சண்டையில் பிரெட்டிடமிருந்து பெல்ட்டைப் பறித்தவர். அதற்கான ரீமேட்ச் ஒன்றரை வருடத்துக்கு மேலாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இடையில் மைக்கேல்ஸ், என் புன்னகையைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி பெல்ட்டைத் துறந்த கூத்தெல்லாம் நடந்தது. இப்போது பிரெட் சாம்பியன், ஆனால் நிறுவனத்தை விட்டுப் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகப்போகிறார். போவதற்கு முன் பெல்ட்டை யாரிடமாவது தோற்றாக வேண்டும். கனடாவில் வைத்து மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார் பிரெட். ஏன் மாட்டார்? அவர் கால்கரிக்காரர், மாண்ட்ரியால் சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி, பிரெஞ்சு பேசுகிற ஊர். மார்ச் மாதம்வரை அது அவருக்கு மற்றுமொரு அரங்குதான். ஏழெட்டு மாத ப்ரோமோக்கள்தான் கால்கரியையும் மாண்ட்ரியாலையும் ஒரே கொடியில் சுருட்டி அவர் தோளில் போட்டிருந்தன. கதைக்காகப் போர்த்திய கொடி, கழற்றப் போனால் தோலோடு வந்தது. மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போட்டார், பிரெட் விட்டுவிடு என்று சொல்லவே இல்லை, பேசிவைத்த முடிவை மீறி மக்மேன் உத்தரவில் மணி அடித்தது, பெல்ட் மைக்கேல்ஸுக்கு. பிரெட் மக்மேன் முகத்தில் துப்பினார், போகப்போகும் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்.

அதற்கான ரீமேட்ச் நடக்கவே இல்லை. பிரெட் தலையில் அடிபட்டு ஓய்வு பெற்றார், அப்புறம் பக்கவாதம். 2010-இல் இருவரும் ரிங்கில் கைகுலுக்கிச் சமாதானமானார்கள், அவ்வளவுதான்.

சமாதானத்துக்கு முன்பு, 2005 ஆகஸ்டில், மைக்கேல்ஸ் அதே மாண்ட்ரியாலின் அதே அரங்குக்கு வந்தார். எதிரி ஹல்க் ஹோகன், பிரெட்டுக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. மைக்கை வாங்கி எட்டு வருடப் பழைய காயத்தைக் கிளற ஆரம்பித்தார். போன வாரம் இதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் திடீரென்று பிரெட் ஹார்ட்டின் இசை அலறியது. அரங்கமே எழுந்து நுழைவாயில் பக்கம் திரும்பியது. சிலர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். மைக்கேல்ஸ் முகம் வெளுத்ததுபோல நடித்து, அப்புறம் மெல்லச் சிரித்தார். யாரும் வரவில்லை. வரப்போவதும் இல்லை. உன் அப்பன் யார் சொல்லு மாண்ட்ரியாலே என்றார்.

"யாருண்ணா வர்றா?" என்றான் தம்பி.

"யாரும் வரல."

"அப்புறம் எதுக்கு இந்தக் கத்து கத்துறாங்க?"

பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்து, நாலாவது வாக்கியத்தில் சிக்கிக்கொண்டேன். ரிமோட்டை எடுத்து, 1996 நவம்பருக்குப் போய், முதலிலிருந்து ஓடவிட்டேன். அடி விழுற இடம் எங்கே என்று அவன் கேட்டான். கொஞ்சம் பொறு என்றேன்.